சாரல் வரப்போகுது, ஓட்டல்ல கூட்டமும் வரப்போகுது: சாப்பிடப் போற நாம எப்படி நடந்துக்கணும்?

#1 பாளை மார்க்கெட்

ஜூன் பிறந்தாச்சுன்னா குற்றாலத்துக் கூட்டம், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் எல்லாம் அடுத்தடுத்து வந்து சேரும். நம்ம திருநெல்வேலியில ஜங்ஷன், டவுன், வண்ணாரப்பேட்டை, தென்காசி ரோடு, எந்தக் கடையிலயும் மதியம் ஒரு மணிக்கு நிக்க இடம் கிடைக்காது. கடை எப்படி இருக்கணும்னு நட்சத்திரம் போட்டு எழுத ஆள் நிறைய. சாப்பிடப் போறவங்க எப்படி இருக்கணும்னு யாரும் எழுதறதில்ல.

சாப்பிடுறவர் முதுகுக்குப் பின்னால நின்னு இடம் பிடிக்கலாமா? அளவில்லாச் சாப்பாட்டை ரெண்டு பேர் பங்கு போடலாமா? குறை இருந்தா யார்கிட்ட, எப்போ சொல்லணும்? டிப்ஸ் யாருக்கு, எவ்வளவு? தொழில்ல இருக்கிறவங்க காரணத்தோட சொல்லுங்க. "அது மரியாதை இல்ல"ன்னு மட்டும் சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.

#2 கல்லாப்பெட்டி

இடம் பிடிக்கிறதுல இருந்தே தொடங்கலாம். சண்டை அதிகம் வர்ற இடம் அதுதான்.

இலைச் சாப்பாட்டுக்கு உண்மையான நெருக்கம் 12.45-ல இருந்து 2.15 வரைக்கும். ஒருத்தர் நிதானமா சாப்பிட்டு எழ 20, 25 நிமிஷம் ஆகும். அப்போ அந்த ஒன்றரை மணி நேரத்துல ஒரு நாற்காலியில மாறி மாறி மூணு பேர்தான் உக்கார முடியும். சாப்பிட்டு முடிச்ச நாலு பேர் இலைக்கு முன்னாலயே இருந்து இன்னொரு 20 நிமிஷம் பேசினா, வெளிய நிக்கிற நாலு பேர் அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. 12.15-க்கு வாங்க, இல்ல 2.30-க்கு வாங்க, எவ்வளவு நேரம் வேணாலும் பேசுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா 2.30-க்கு மேல கூட்டு, பொரியல்ல ஒண்ணு ரெண்டு தீர்ந்திருக்கும். அதைக் குறைன்னு சொல்லக் கூடாது.

உள்ள நுழைஞ்சதும் நேரா நாற்காலிக்குப் போகாம, கல்லாவுலயோ நின்னு கவனிக்கிற சூப்பர்வைசர்கிட்டயோ "அஞ்சு பேர், ஒரு சின்னப் புள்ள"ன்னு தலைக்கணக்கைச் சொல்லுங்க. நம்மூர் மேஜை பெரும்பாலும் நாலு பேருக்கு. ஏழு பேர் வந்தா ஒரே இடத்துல வேணும்னு நிக்காம நாலும் மூணுமா உக்காந்தா பத்து நிமிஷம் மிச்சம். பத்துப் பேருக்கு மேலன்னா காலையிலேயே ஒரு போன் பண்ணிடுங்க. அரிசி உலையில போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சாத்தான் பிரயோஜனம், பன்னிரண்டு மணிக்குச் சொல்றது சொல்லாததுக்குச் சமம்.

எச்சில் இலை எடுக்காத மேஜையில போய் உக்காராதீங்க. நீங்க உக்காந்துட்டா துடைக்கிறவர் ஈரத்தைத் தள்ள இடமே இல்ல, உங்க மடியிலதான் தள்ளணும். துண்டு, பை, ஹெல்மெட் போட்டு இடம் பிடிக்கிறதும் வேண்டாம். வரிசைன்னு ஒண்ணு வாசல்ல இருக்குன்னா அந்தத் துண்டுக்கு மதிப்பு கிடையாது.

முதுகுக்குப் பின்னால நிக்கிறது: சப்ளையர் கையில சாம்பார் வாளியோட போற வழி அதுதான். திரும்புறப்போ உங்க முழங்கை பட்டா ஊத்துறது உக்காந்திருக்கிறவர் தலையில. சுவரோரமா, அவர் கண்ணுல படுற மாதிரி நில்லுங்க. அவர் ரசத்துக்கு வந்துட்டாரான்னு இலையை எட்டிப் பாக்காதீங்க.

#3 ஏடும் நுனியும்

நான் விளம்புற, அதாவது பரிமாறுற பக்கம் உள்ள ஆளு. இலை சமாச்சாரம் மட்டும் சொல்லுதேன்.

நுனி இலைன்னா நுனி உங்க இடது கைப்பக்கம் வரணும். அகலமான பக்கம் வலது கைக்கு. சோறு பிசைய இடம் அங்கனதான் இருக்கு. கடையில பாதிப் பேருக்கு ஏடுதான் வரும், அதாவது நுனி இல்லாம நறுக்குன இலைத் துண்டு, அதுல நுனியைத் தேடாதிய.

தண்ணி தெளிக்கது நாலு சொட்டு போதும். ஒரு டம்ளர் தண்ணியைக் கொட்டி இலையைக் குளிப்பாட்டி அப்படியே தரையில தள்ளுதாவ. இப்ப எல்லாக் கடையிலயும் வழுவழுன்னு டைல்ஸ். கொதிக்கிற ரசத்தோட வாரவன் வழுக்கி விழுந்தா ஆருக்குச் சேதம்? பேப்பரால ஒத்தி எடுத்திருங்க.

சோறு வைக்கும்போதே "பாதி"ன்னு வாயைத் திறந்து சொல்லணும். வச்சதுக்கப்புறம் "ஐயோ இவ்வளவா"ன்னா எடுக்க முடியாது, இலையில பட்டா அது எச்சில். போதும்னா கையை இலைக்கு மேல ஒரு சாண் உசரத்துல விரிச்சுக் காட்டுங்க, கரண்டி சாயுறதுக்கு முன்னாடி. சாய்ஞ்சப்புறம் கையை நீட்டினா சூடு கையிலதான் விழும். சாப்பிடுற கையால வாளி விளிம்பு, கரண்டிக் காம்பு எதையும் தொடக் கூடாது. அந்த வாளி அடுத்த முப்பது இலைக்குப் போவணும்.

ரசத்துக்குச் சோத்துல ஒரு குழி போட்டுக்கிடுங்க. பாத்தி கட்டாம தண்ணி பாய்ச்சுன மாதிரி விட்டா அது எதுத்தாப்புல இருக்கவர் வேட்டிக்குப் போயிரும்.

பொரியல், கூட்டு மறுதடவை வேணும்னா நாலு பேரும் சேர்ந்து ஒரே தடவையா கேளுங்க. ஒருத்தர் அவியல், அவன் திரும்பி நடந்ததும் இன்னொருத்தர் ஊறுகா, அவன் கொண்டு வந்ததும் மூணாமவர் அப்பளம். இது ஒரு மேசைக்கு மூணு நடை. அவனுக்கு ஆறு மேசை இருக்கு.

முருங்கைக்காச் சக்கை, கருவேப்பிலை, மீன் முள்ளு எல்லாத்தையும் இலையிலயே இடது மேல் மூலையில ஒதுக்குங்க, மேசையில வைக்காதிய. கடைசியா ஒண்ணு, இது முக்கியம்: எச்சில் இலையை மாட்டுக்குன்னு வந்து அள்ளிட்டுப் போறவங்க இருக்காவ. டிஷ்யூ பேப்பர், பல்குத்துற குச்சி, பாட்டில் மூடி, சாஸ் பொட்டலம் இதையெல்லாம் இலைக்குள்ள வச்சு மடிச்சா அது மாட்டு வயித்துக்குத்தான் போவும். தனியா டம்ளர் பக்கத்துல வையுங்க.

#4 வாகையடி முக்கு

இலையை எந்தப் பக்கம் மடிக்கணும்னு நீங்க எழுதலையே. மேல இருந்து நம்ம பக்கம் மடிச்சா நல்ல காரியம், எதிர்ப்பக்கம் மடிச்சா துட்டி வீடு, அதாவது சாவு வீடு. ஓட்டல்ல இதையெல்லாம் பாக்கணுமா? மடிக்காமலே எந்திரிச்சுப் போனா என்ன?

#5 ஏடும் நுனியும்

சாஸ்திரத்துக்காக வேண்டாம், வேலைக்காக மடிங்க. மடிக்காத இலையைப் பாத்தா ஆளு மோருக்கு இருக்காரு, கை கழுவப் போயிருக்காருன்னு நெனைச்சு விளம்புறவன் காத்துக்கிட்டு இருப்பான். மடிச்சா எடுக்கலாம்னு அர்த்தம். உங்க பக்கமா மடிச்சா குழம்பு மேசையோட எதிர்ப்பக்கம் ஒழுகாது. எதுத்தாப்புல இன்னொருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காருல்லா.

நம்ம ஊர்ல அடுத்தவங்க முடிக்கிற வரைக்கும் பந்தியில எந்திரிக்க மாட்டாங்க. கடையில அது உங்க கூட வந்தவங்களுக்கு மட்டும். பக்கத்து நாற்காலிக்காரருக்காகக் காத்திருக்க வேண்டியதில்ல.

#6 தோசைக்கல்

அடுப்பங்கரைப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். வாடிக்கையாளர் முகம் எங்களுக்குத் தெரியாது, சீட்டுதான் தெரியும். சீட்டு தெளிவாக வந்தால் பண்டமும் தெளிவாக வரும்.

பெரிய கல்லில் ஒரு ஈட்டுக்கு ஆறு தோசை விழும். சாதா தோசைக்குக் கல் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். நெய் ரோஸ்ட்டுக்குச் சூட்டைக் குறைத்து நின்று முறுக விட வேண்டும். ஊத்தப்பம் தடிமன், மூடி போட்டு மெல்ல வேக வேண்டும். வெங்காயம் போட்டதை எடுத்ததும் கல்லில் கருகல் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டித் தண்ணீர் தெளித்துத் தென்னை விளக்குமாற்றால் தேய்த்த பிறகுதான் அடுத்த ஈடு. ஒரு மேஜையில் ஐந்து பேர் ஐந்து விதம் கேட்டால் ஐந்து தட்டும் ஒன்றாக வர வழியே கிடையாது. முதல் ஆள் கை கழுவும்போது கடைசி ஆளுக்குச் சட்னி வரும். கூட்ட நேரத்தில் இரண்டு வகையோடு நிறுத்திக்கொண்டால் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். பசிக்கிற குழந்தைக்கு முதலில் இட்லி சொல்லிவிடுங்கள், அது கொப்பரையில் தயாராக இருக்கும்.

எண்ணெய் குறைவு, வெங்காயம் வேண்டாம், பொடி தனியாக: எல்லாம் சொல்லும்போதே சொல்ல வேண்டும். மாவு கல்லில் விழுந்த பிறகு மாற்ற முடியாது. சாம்பார், சால்னா, குழம்பு இவையெல்லாம் முன்பே அண்டாவில் கூட்டி முடித்தவை. "சால்னா காரம் கம்மியா" என்று கேட்டால் சப்ளையர் தலையாட்டுவார், வருவது அதே சால்னாதான். காரம் ஆகாதவர்கள் தயிர் வெங்காயம் கேளுங்கள், அல்லது முட்டை தோசை போல உடனே போடும் பண்டத்துக்குப் போங்கள்.

உடம்புக்குச் சேராத பொருள் இருந்தால் சுற்றி வளைக்காமல் "முந்திரி சேராது", "நிலக்கடலை சேராது" என்று உணவின் பெயரோடு சொல்லுங்கள். சால்னா கெட்டியாவதற்கு முந்திரி, பொட்டுக்கடலை, நிலக்கடலை என்று கடைக்கு ஒன்றை அரைத்து ஊற்றுவார்கள். "பிடிக்காது" என்று சொன்னால் மேலே தூவுவதை மட்டும் நிறுத்துவோம். "சேராது" என்றால்தான் அரைத்ததையும் யோசிப்போம்.

கொத்துப் பரோட்டா ஒரு தட்டு போடவும் மூன்று தட்டு போடவும் ஏறக்குறைய ஒரே நேரம். ஒருவர் சாப்பிடுவதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று தனித்தனியாகச் சொன்னால் கல் மூன்று தடவை காலியாக வேண்டும். ராத்திரி பத்தரைக்கு மேல் நுழைந்தால் உட்காருவதற்கு முன் "கல் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். அணைத்த கல்லை இரண்டு பரோட்டாவுக்காகத் திரும்பச் சூடேற்ற அரை மணி பிடிக்கும்.

சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. சொதியில் தேங்காயின் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரம் நுரை கட்டும்போதே இறக்கி, எலுமிச்சை பிழிகிறோம். அதைக் "கொதிக்கக் கொதிக்க" வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் அடுப்பில் ஏற்றியதும் திரிந்துபோகும். மிதமான சூட்டில் வருவதுதான் சரியான சொதி. கூட வரும் இஞ்சிப் பச்சடியை ஒதுக்காதீர்கள். தேங்காய்ப்பால் மந்தம், அதற்கு மாற்றாகத்தான் அது இலையில் இருக்கிறது.

#7 அம்பை ரோடு

அளவில்லாச் சாப்பாடு பங்கு போடுறது பத்தி யாராவது சொல்லுங்க. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரு முழுச் சாப்பாடு வாங்கினா முக்கால்வாசி இலையில கிடக்குது. என் இலையில இருந்து ரெண்டு வாய் ஊட்டினா சப்ளையர் முறைக்கிறார். மிச்சத்தைப் பார்சலும் கட்டித் தர மாட்டேங்கிறாங்க. சோறு வீணாகலாம், பிள்ளை சாப்பிடக் கூடாதா?

#8 கல்லாப்பெட்டி

கோபப்படாதீங்க. கணக்கு இதுதான்: அளவில்லாச் சாப்பாட்டோட விலை ஒரு வயித்துக்குப் போட்ட சராசரி. ஒருத்தர் ரெண்டு தடவை சோறு வாங்குவார், ஒருத்தர் ஒரு தடவையோட எழுவார், ரெண்டும் சேர்ந்துதான் கட்டுப்படியாகும். ஒரு இலைக்கு ரெண்டு பெரியவங்க உக்காந்தா அந்தச் சராசரி உடைஞ்சிடும். மிச்சத்தைப் பார்சல் கட்ட மாட்டேங்கிறதுக்கும் அதான் காரணம். கட்ட ஆரம்பிச்சா ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்து இலையில வாங்குவாங்க.

அளவுச் சாப்பாடு, தோசை, பிரியாணி, கறி இதெல்லாம் நீங்க காசு கொடுத்து வாங்கின பண்டம். மிச்சத்தைக் கட்டிக் கேக்கிறதுல ஒரு கூச்சமும் வேண்டாம். ஆனா கை படாம தனியா எடுத்து வச்சதா இருந்தா நல்லது. எச்சில் கலந்தது சீக்கிரம் கெடும்.

பிள்ளைக்கு வழி: உக்காரும்போதே கேளுங்க. "புள்ளைக்கு ஒரு சின்ன இலை போடுங்க, என்ன வெலையோ சேர்த்துக்கிடுங்க." பெரும்பாலான கடையில அளவுச் சாப்பாடோ, ஒரு தயிர்ச் சோறோ, ரெண்டு இட்லியோ வாங்கிக்கச் சொல்லுவாங்க. ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா சும்மாவே ஒரு துண்டு இலை போட்டு நெய்யும் பருப்பும் பிசைஞ்சு தருவாங்க. முறைப்பு வர்றது, கேக்காம நடுவுல ஆரம்பிக்கிறப்போதான்.

#9 சாரல்

பிள்ளைங்க பேச்சு வந்ததால: மேஜைக்கு நடுவுல இருக்கிற வழியில ஓட விடாதீங்க. மேல் சொன்ன அதே சாம்பார் வாளிதான் காரணம். சப்ளையர் இடுப்பு உயரத்துல தூக்கிட்டு வர்றது மூணு வயசுப் பிள்ளை தலைக்கு நேர வரும். பிள்ளையை வழிப்பக்கம் உக்கார வைக்காம சுவர்ப்பக்கம் வையுங்க. சூடான காபி டபராவை மேஜை ஓரத்துல வாங்கி வைக்காதீங்க.

செல்போன்ல பாட்டை அலற விட்டு ஊட்டுறது. ஒலியைக் குறைச்சுக்கோங்க, வேற என்ன சொல்ல.

#10 ஜிஎஸ்டி கணக்கன்

பில் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். கல்லாவில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி தெரியாமல் நடப்பது, மீதி பாதி தெரிந்த மாதிரி நடப்பது.

சாதாரண உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2017 நவம்பர் 15 முதல் இதுதான், ஏசி இருக்கிறதா இல்லையா என்ற வித்தியாசம் அன்றோடு போயிற்று. 480 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மத்திய வரி 12, மாநில வரி 12, மொத்தம் 504. சின்னக் கடைகளில் பலர் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பார்கள். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது. அவர்கள் வரியைத் தங்கள் பணத்தில் இருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பில்லில் தனியாகப் போடக் கூடாது. பில்லிலேயே அந்தக் குறிப்பு இருக்கும்.

சர்வீஸ் சார்ஜ் வேறு, ஜிஎஸ்டி வேறு. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் அதை உறுதி செய்தது. நம்மூர் மெஸ்களில் இந்தப் பேச்சே கிடையாது, பெரிய ஓட்டல்களில் எப்போதாவது பார்க்கலாம். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தண்ணீர் பாட்டில்: மேஜையில் பரிமாறும் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் உணவகம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் திறப்பதற்கு முன் "சாதா தண்ணி போதும்" என்று திருப்பிக் கொடுங்கள். மூடியைத் திருகிக் குடித்துவிட்டுச் சப்ளையரிடம் சட்டம் பேசுவதில் பயன் இல்லை. விலையை நிர்ணயித்தவர் அவர் இல்லை.

பில்லைச் சரிபார்ப்பதில் தவறு கிடையாது. ஆனால் கல்லா முன்னால் வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு சரிபார்க்காமல், மேஜையிலேயே பார்த்துவிடுங்கள். கூடுதலாக ஒரு வடை ஏறியிருந்தால் சொல்கிற அதே நேர்மையோடு, விட்டுப்போன காபியையும் சொல்லுங்கள். பல கடைகளில் விட்டுப்போனது சப்ளையர் சம்பளத்தில்தான் கழியும்.

#11 வாகையடி முக்கு

// விட்டுப்போனது சப்ளையர் சம்பளத்தில்தான் கழியும் //

எல்லாக் கடையிலும் அப்படி இல்ல. அப்படிக் கழிக்கிற கடைக்குப் போகாம இருக்கிறதுதான் மரியாதை.

டிப்ஸுக்கு வருவோம். கல்லாவுல போன்ல பணம் கட்டும்போது இருபது ரூபா சேர்த்துப் போட்டுட்டு "சப்ளையருக்கு"ன்னு சொன்னா அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். அவருக்கு வந்து சேருமா சேராதான்னு உங்களுக்கே தெரியாது. எல்லாரும் போன்ல கட்ட ஆரம்பிச்ச பிறகு விளம்புறவங்களுக்குச் சில்லறை வர்றதே நின்னுபோச்சு. ஓட்டலுக்குப் போறப்போ பையில ரெண்டு பத்து ரூபாத் தாள் வச்சிருங்க.

#12 கல்லாப்பெட்டி

ஆமா. மெஸ்ஸுல ஒரு ஆளுக்கு அஞ்சோ பத்தோ, குடும்பமா நாலு பேர் சாப்பிட்டா இருபது முப்பது. நம்மூர்ல வழக்கம் அவ்வளவுதான், சதவீதக் கணக்கெல்லாம் கிடையாது. டோக்கன் வாங்கி நின்னு சாப்பிடுற கடையில தேவையில்ல. பெரிய மேஜை, பிள்ளைங்க சிந்தினது அதிகம்னா இலை எடுத்துத் துடைக்கிறவர் கையில தனியா ஒரு பத்து கொடுங்க. சப்ளையர்கிட்ட கொடுத்தா பல இடத்துல துடைக்கிறவருக்குப் பங்கு வராது.

கொடுக்க முடியலன்னா கொடுக்க வேண்டாம். இலைக்கு அடியில ஒரு ரூபா ரெண்டு ரூபாயைச் சொருகிட்டுப் போறது மட்டும் வேண்டாம். அது அப்படியே இலையோட தொட்டிக்குப் போயிடும், இல்ல எச்சில்ல தேடி எடுக்கணும்.

#13 ரயில்வே ஃபீடர் ரோடு

கூப்பிடுற விதம் பத்தி யாரும் பேசலையே. விரலைச் சொடுக்குறது, டம்ளரால மேஜையைத் தட்டுறது, "ஏலேய்" போடுறது. நரைச்ச தலைக்காரரையும் "தம்பி இங்க வா"ங்கிறாங்க. நம்மூர்ல "அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை எல்லா வயசுக்கும் பொருந்துமே. பெண்கள் விளம்புற கடையில "அக்கா", "எம்மா". ரொம்பச் சின்னப் பையனா இருந்தா "தம்பி" சரி. சத்தம் போட வேண்டாம், அவர் உங்க பக்கம் பாக்கும்போது இடது கையைத் தோள் உயரத்துக்கு தூக்குங்க. வாளியோட போறப்போ கூப்பிட்டா நிக்க மாட்டார், வாளி காலியாகித் திரும்புறப்போதான் காது கேட்கும்.

#14 தோசைக்கல்

குறை சொல்வது பற்றி முதல் பதிவில் கேட்டிருந்தார்கள்.

தலைமுடி, கல், பூச்சி இருந்தால்: கண்ட அந்த நிமிடமே கையை நிறுத்துங்கள். கிளறி மூலையில் ஒதுக்காதீர்கள், எங்கே எப்படிக் கிடந்தது என்று தெரிந்தால்தான் எந்தப் பாத்திரம் என்று நாங்கள் கண்டுபிடிக்க முடியும். சப்ளையரிடம் கத்தாமல் சூப்பர்வைசரை வரச் சொல்லித் தட்டைக் காட்டுங்கள். தட்டை மாற்றித் தர வேண்டும், அல்லது பில்லில் எடுக்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டால் பேச்சு வளராது. முக்கால் தட்டு சாப்பிட்ட பிறகு காட்டினால் நம்புவது சிரமம், அதையும் புரிந்துகொள்ளுங்கள்.

உப்புக் குறைவு, புளிப்பு அதிகம் போன்றவற்றை முதல் வாயிலேயே சொல்லுங்கள். உப்பு இல்லாத அண்டாவில் அப்போது உப்புப் போட்டால் பின்னால் வருகிற நூறு இலைக்கு நல்லது. நாங்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

தேங்காய்ச் சட்னி காலையில் அரைத்தது வெயில் காலத்தில் பதினொரு மணிக்கே புளிக்கத் தொடங்கும். மோந்து பார்த்தால் தெரியும், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் இருக்கும். சாம்பாரும் சூடு 60 டிகிரிக்குக் கீழ் இறங்கி மணிக்கணக்காக நின்றால் அப்படித்தான். சாப்பிடாமல் திருப்பி அனுப்புங்கள், அதில் தயவு பார்க்க வேண்டாம்.

கூகுளில் ஒரு நட்சத்திரம் போடுவதற்கு முன் கல்லாவில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். எழுதினால் பண்டம், நேரம், கிழமை எழுதுங்கள். "மோசம்" என்று ஒரு சொல்லை வைத்து நாங்கள் எதைத் திருத்துவது? அந்தச் சப்ளையர் படத்தைப் போடாதீர்கள். உடம்புக்கு ஆகாமல் போனால் பார்சல் மிச்சத்தைக் குளிர்பெட்டியில் எடுத்து வைத்து மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லலாம். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும். 2022 ஜனவரி முதல் அதை அச்சிடுவது கட்டாயம்.

#15 சாரல்

குற்றாலம் போறவங்களுக்கு: செங்கோட்டைக்குப் பக்கத்துல பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகள்ல முறை கொஞ்சம் வேற. பரோட்டா சின்னது, மொறுமொறுப்பு. "பிச்சுப் போடவா?"ன்னு கேப்பாங்க. சரின்னா இலையில பிச்சுப் போட்டு மேல சால்னா ஊத்திடுவாங்க. மொறுமொறுப்பா வேணும்னா "சால்னா தனியா"ன்னு அப்பவே சொல்லணும். ஊத்தினப்புறம் ஊறிப்போச்சுன்னு சொல்றதுல அர்த்தமில்ல.

நாட்டுக்கோழி, காடை, மிளகுக் கோழி எல்லாம் ஒரு தட்டு என்ன விலை, எத்தனை துண்டுன்னு சொல்றதுக்கு முன்னாடி கேளுங்க. கேக்கிறது கேவலம் இல்ல, பில் வந்தப்புறம் கத்துறதுதான் கேவலம். சால்னா மறுபடி ஊத்துவாங்க. அதுல கறித்துண்டு தேடி "இன்னும் ரெண்டு பீஸ் போடு"ன்னு அதட்டக் கூடாது.

அருவியில குளிச்சுட்டு நேரா வர்றவங்க: ஈரத் துணியோட நாற்காலியில உக்காராதீங்க. துண்டைப் பிழிஞ்சு மேல் துணி மாத்திட்டு வாங்க. உடம்புல தேய்ச்ச எண்ணெய் நாற்காலி முதுகுல ஒட்டினா அடுத்தவர் சட்டை போச்சு. குடிச்சுட்டு வர்றவங்களைப் பத்தி எழுதிப் பிரயோஜனம் இல்ல, அவங்க இதைப் படிக்கப் போறதில்ல.

#16 பாளை மார்க்கெட்

நல்லா விரிவா வந்திருக்கு. விட்டுப்போனது ரெண்டு: கை கழுவுற இடம், பார்சல்.

#17 ஏடும் நுனியும்

கை கழுவுற இடம்: வாயை ஓங்காரிச்சுக் கொப்புளிக்கது, காறித் துப்புதது இதெல்லாம் வீட்டோட வச்சுக்கிடுங்க. பக்கத்து மேசையில ஒருத்தர் முதல் வாய் சோறு எடுத்துக்கிட்டு இருப்பாரு. கையில ஒட்டுன சோத்தை இலையிலயே உதறிட்டு வந்தா தொட்டி அடைக்காது. சாப்பிட்ட தட்டுலயே கை கழுவுறது நம்மூர்ல சில வீட்டுல வழக்கம், கடையில வேண்டாம். தட்டு முழுக்கத் தண்ணியோட தூக்கிட்டுப் போறவன் மேலதான் அது சிந்தும். குடிக்கிற ஜக்கை வாயில வைக்காதிய, டம்ளர்ல ஊத்துங்க. ஊத்தும்போது இடது கையால.

#18 ரயில்வே ஃபீடர் ரோடு

பார்சல். ரயிலுக்குப் போறவங்க உக்காரும்போதே "எட்டேகாலுக்கு வண்டி"ன்னு நேரத்தைச் சொல்லிடணும். அப்போ இட்லி, இடியாப்பம் மாதிரி தயாரா இருக்கிறதை எடுத்துக் கொடுப்பாங்க. கடைசிப் பத்து நிமிஷத்துல நெய் ரோஸ்ட் கேட்டுட்டுச் சப்ளையரை விரட்டக் கூடாது.

பாத்திரம் கொண்டு போங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்துற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. பாலிதீன் பையில கொதிக்கிற சால்னா கேட்டு அடம்பிடிச்சா அபராதம் கடைக்காரருக்குத்தான். ஒரு தூக்குவாளி சால்னாவுக்கு, ஒரு டப்பா சட்னிக்கு. கழுவித் துடைச்சுக் கொண்டு போகணும், ஈரம் இருந்தா சட்னி சீக்கிரம் புளிக்கும். பாத்திரத்தை அவங்க கல்லுக்குப் பக்கத்துல வைக்காம, வாங்கற ஆள் கையில கொடுங்க. நியூஸ் பேப்பர்ல வடை சுத்திக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லி இலையில கேளுங்க. அச்சு மை எண்ணெயில இறங்கும்.

சொதி பார்சல் மதியம் வாங்கினா மதியமே சாப்பிட்டுடணும். ராத்திரி ரயிலுக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் தடவின இட்லிதான் தாங்கும்.

பார்சல் வாங்க நிக்கிறவங்க உக்காந்து சாப்பிடுறவங்க நாற்காலியை எடுத்துக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

#19 அம்பை ரோடு

அல்வாக் கடைக்கும் இதெல்லாம் உண்டா? கீழ ரத வீதியில சாயங்காலம் வரிசை நிக்குதே.

#20 வாகையடி முக்கு

உண்டு. இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், மதியமே போய்க் கதவைத் தட்ட வேண்டாம். வரிசையில நிக்கும்போதே எத்தனை கிலோ, எத்தனை பொட்டலமா வேணும்னு முடிவு பண்ணிடுங்க. தராசுக்கு முன்னால நின்னுக்கிட்டு மாமாவுக்குப் போன் போட்டு "அரைக் கிலோவா, ஒரு கிலோவா"ன்னு கேக்காதீங்க. வரிசையில ஒருத்தர் நின்னு எட்டுப் பேருக்கு வாங்குறது சரி, நடுவுல எட்டுப் பேர் வந்து சேர்ந்துக்கிடுறது சரியில்ல.

சூடா இலைத் துண்டுல வாங்கித் தின்னுறவங்க ஒதுங்கி நின்னு தின்னுங்க, இலையைத் தொட்டியில போடுங்க. நெய் வடிஞ்ச கையை எதிர்ல இருக்கிற கோயில் மதில்லயும், நிறுத்தி வச்சிருக்கிற அடுத்தவன் பைக் சீட்டுலயும் துடைக்காதீங்க. கையில ஒரு பழைய துணி கொண்டு போங்க, தண்ணி ஊத்திக் கழுவினா நெய் போகாது.